சிறைப்பட்ட விமானியின் சித்திரங்கள்

போரிலிருந்து மீள்பவர் தம் இல்லங்களுக்குக் கொண்டுவரும் நினைவுப் பொருள்கள் இரு வகைப்படும். வென்ற களத்திலே பகைவரிடமிருந்து எடுத்து வந்த வாள், தலைக்கவசம், கொடி, பதக்கம் என்பன ஒரு வகை. சிறைப்பட்டவன் தன் கையாலேயே ஆக்கிக் கொண்டுவந்தவை மற்றொரு வகை. பால்மாப் பேணியின் தகரத்தை வெட்டிச் செய்த சட்டி, பழைய தாளில் நுணுக்கி எழுதிய நாட்குறிப்பு, பென்சிலால் வரைந்த படம் முதலியன இவ்வகையின. முன்னையவை நூதனசாலைகளிலே கண்ணாடிப் பேழைகளுள் விளங்கும். பின்னையவை பெரும்பாலும் வீட்டுப் பெட்டகங்களின் அடியிலே கிடக்கும். எனினும், வரலாறு பயில்வோனுக்கு மிகுதியாகச் சொல்லவல்லவை பின்னையவையே. பகைவனின் வாள் அவன் தோற்றான் என்னும் செய்தியோடு நின்றுவிடும். சிறைப்பட்டவனின் ஏடோ அவன் எங்ஙனம் வாழ்ந்தான், எதனைக் கண்டான், எதனை மறவாதிருக்க விரும்பினான் என்பனவற்றை எல்லாம் எடுத்துரைக்கும்.

இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட அமெரிக்கப் போர்விமானி ஒருவர், தம் ஒன்பது திங்கட் சிறைவாழ்க்கையிலே வரைந்து வைத்த சித்திரங்கள் அத்தகைய நினைவுப் பொருள்களுள் ஒன்றாகும். அவர் பெயர் அலெக்சாந்தர் ஜெபர்சன். அவர் கறுப்பினத்தவர். அச்சித்திரங்களை ஆராயப் புகுவோர் முன் விடுவித்தற்கரிய வினா ஒன்று எழுகின்றது. அவ்வினாவையும், அதற்கு வரலாறு தரும் விடையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானியும் அவர் காலமும்

ஜெபர்சன் 1921ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலே பிறந்தவர். அற்லாந்தா நகரிலுள்ள கிளார்க் கல்லூரியிற் பயின்று 1942இலே பட்டம் பெற்றார். இரசாயனமும் உயிரியலும் அவர் கற்ற பாடங்கள். அக்காலத்து அமெரிக்காவிலே, சிறப்பாகத் தென் மாநிலங்களிலே, பாடசாலை, புகையிரதம், உணவுச்சாலை, வைத்தியசாலை ஆகிய எல்லா இடங்களிலும் வெள்ளையருக்கு ஓரிடமும் கறுப்பினத்தவருக்கு வேறோரிடமும் வகுக்கப்பட்டிருந்தன. படையும் இவ்வழக்கத்திற்கு விலக்காக இருக்கவில்லை. 1925இல் அந்நாட்டு இராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கையொன்று, கறுப்பினத்தவர் அறிவாலும் துணிவாலும் போர்த்தொழிலுக்கு ஏலாதவர் என முடிவு கூறியது. ஆராய்ச்சி என்னும் போர்வையிலே முற்சாய்வு எவ்வாறு உலவும் என்பதற்கு அவ்வறிக்கை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

எனினும், கறுப்பின மக்களின் இயக்கங்களும் பத்திரிகைகளும் இடைவிடாது வற்புறுத்தியமையாலே, 1941இல் அலபாமா மாநிலத்தின் தஸ்கீகி என்னுமிடத்தில் அவர்களுக்கெனத் தனியான விமானப் பயிற்சி தொடங்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முதற்றொகுதியாக ஐவர் தேறினர். 1946இற் பயிற்சி முடிவுறுமுன் ஏறத்தாழ 1,000 பேர் விமானிகளாயினர். முதல் ஐவருள் ஒருவராகிய பென்சமின் டேவிஸ் பிற்காலத்தில் 332ஆவது போர்விமானப் படைப்பிரிவின் தலைவராக விளங்கினார். வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலே இவர் பயின்ற நான்கு ஆண்டுகளும், இவரது நிறங் காரணமாக உடன் மாணாக்கர் கடமைக்கு வேண்டிய சொற்களையன்றி வேறெதனையும் இவரோடு பேசவில்லை. அந்த மௌனத்தைப் பொறுத்து 1936இலே தேறியவர் இவர்.

332ஆவது படைப்பிரிவு 1944இல் இத்தாலிக்குச் சென்றது. அதன் விமானங்களின் வாற்பகுதிக்குச் செந்நிறம் தீட்டப்பட்டிருந்தமையால் அதன் விமானிகள் 'செவ்வால் விமானிகள்' எனப் பெயர் பெற்றனர். குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணைசென்று அவற்றைக் காப்பது அவர்களது தலையாய பணி. அவர்கள் காத்துச் சென்ற குண்டுவீச்சு விமானங்களுள் ஒன்றேனும் பகைவரின் விமானத்தால் வீழ்த்தப்படவில்லை என்றொரு செவிவழிச் செய்தி நெடுங்காலம் வழங்கிற்று. பிற்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆராய்ச்சியாளர் படைப்பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 27 விமானங்கள் வரையில் அங்ஙனம் இழக்கப்பட்டன எனவும், அத்தொகை ஏனைய படைப்பிரிவுகளின் சராசரி இழப்பிலும் மிகக் குறைந்தது எனவும் காட்டினர். புகழ் மெய்யானதே, ஆனால் அதன் அளவைப் பதிவேடுகளே வரையறுத்தன. அன்பினால் எழுந்த செய்தியையும் சான்றோடு வைத்துச் சோதித்தல் வேண்டும் என்பதனை மாணவர் இங்கே மனங்கொள்ளல் நன்று.

வீழ்ச்சியும் சிறையும்

1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி. தென் பிரான்சிலே நேசநாட்டுப் படைகள் இறங்குவதற்கு இன்னும் மூன்று நாள்களே இருந்தன. தூலோன் துறைமுகத்தை அண்டிய கரையிலிருந்த ஜேர்மானிய ராடார் நிலையங்களை அழிக்கும் பொருட்டு, 'முஸ்தாங்' எனப்படும் பி-51 ரக விமானங்கள் தாழப் பறந்து தாக்கின. ஜெபர்சனுக்கு அது 19ஆவது பறப்பு. தரையிலிருந்து எய்யப்பட்ட குண்டு அவருடைய விமானத்தைத் துளைத்தது. அவர் பரசூற்றின் துணையாற் குதித்து, நிலத்தை அடைந்தவுடனேயே பிடிபட்டார். செவ்வால் விமானிகளுள் இவ்வாறு சிறைப்பட்டோர் 32 பேர் என்பர்.

சிறைப்பட்ட விமானிகளை முதலில் விசாரணை நிலையத்திற்குக் கொண்டுசெல்வது ஜேர்மானிய விமானப்படையின் வழக்கம். அங்கே தம் படைப்பிரிவின் பெயர் பொறித்த கோவையொன்றை விசாரணை அதிகாரி தம் முன் விரித்ததாகவும், தம் கல்விப் பெறுபேறு முதலாய செய்திகளும் அதனுட் காணப்பட்டனவாகவும் ஜெபர்சன் பிற்காலத்திற் கூறியுள்ளார். பின்னர் அவர் சாகன் நகரை அடுத்திருந்த ஸ்ராலாக் லுவ்ற் 3 என்னும் முகாமுக்கு அனுப்பப்பட்டார். பேர்லினுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவிலிருந்த அந்நகர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. அம்முகாமை நடத்தியது விமானப்படை. நேசநாட்டு விமானப்படை அதிகாரிகள் ஏறத்தாழ 10,000 பேர் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர்.

அவர் சென்ற காலத்தை நாம் கருதல் வேண்டும். அதற்கு ஐந்து திங்களுக்கு முன்னர், 1944ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆந் திகதி இரவு, அம்முகாமிலிருந்த கைதிகள் நிலத்தின் கீழே தோண்டிய சுரங்க வழியால் 76 பேர் தப்பினர். மூவரே முற்றாக விடுதலை எய்தினர். பிடிபட்ட 73 பேருள் 50 பேரை ஹிற்லரின் கட்டளைப்படி சுட்டுக் கொன்றனர். சர்வதேச உடன்படிக்கையின்படி தப்ப முயன்ற கைதிக்குக் கொலைத்தண்டனை விதித்தல் ஆகாது. ஆகவே அது தண்டனையன்று, கொலையேயாகும்.

இதற்குப் பின் கைதிகள் மிக்க எச்சரிக்கையோடு வாழ்ந்தனர். புதிதாக வருபவன் பகைவரின் ஒற்றனோ என்னும் ஐயம் அவர்களுக்கு எப்போதும் இருந்தது. ஜெபர்சன் முகாமுக்கு வந்தபோது, தென் மாநிலத்துப் பேச்சுவழக்குடைய வெள்ளை அதிகாரியொருவர் புதியோர் வரிசையிலிருந்து இவரையே தம் அறைக்குத் தெரிந்தெடுத்தார். இதன் காரணத்தை ஜெபர்சன் பின்னரே அறிந்தார். ஜேர்மானியர் ஒற்றனொருவனைக் கைதி வேடத்தில் அனுப்புவதாயின் கறுப்பினத்தவனை அனுப்ப இயலாது. ஆதலால் ஐயத்திற்கு இடமில்லாதவர் இவர் ஒருவரே என்பது அவ்வறையினரின் எண்ணம். பிறந்த நாட்டிலே விலக்கப்படுவதற்குக் காரணமாயிருந்த நிறமே பகைவர் நாட்டிலே நம்பப்படுவதற்குக் காரணமாயிற்று.

சித்திரங்கள்

போர்க்கைதியின் பெரும் பகை பசியெனின், அதற்கு அடுத்த பகை பொழுதாகும். உடன்படிக்கையின்படி அதிகாரிகளை வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்தல் இயலாது. ஆதலின் அவர்களுக்கு நாள் முழுவதும் வெறும்பொழுதே. இந்நிலையை உணர்ந்து, ஜெனீவாவிலிருந்த வை. எம். சி. ஏ. சங்கத்தின் போர்க்கைதிகள் உதவிப் பகுதி நூல்களையும் இசைக்கருவிகளையும் விளையாட்டுப் பொருள்களையும் முகாம்களுக்கு அனுப்பியது. 'போர்க்காலக் குறிப்பேடு' எனப் பெயரிட்டு, துணியட்டை கட்டிய வெற்றேடுகளையும் அது வழங்கியது. அவ்வேடுகளைக் கைதிகள் நிரப்பிய முறை அறியத்தக்கது. அறைத் தோழரின் பெயர்களும் முகவரிகளும், முகாமின் வரைபடம், செஞ்சிலுவைச் சங்கப் பொதியிலே வந்த உணவுகளின் பட்டியல், ஊர் திரும்பியபின் உண்ண விரும்பிய பண்டங்களின் பெயர், காவலரைக் கேலி செய்யும் சித்திரம் முதலியவற்றை அவற்றிற் காணலாம். அப்பொதிகளின் பட்டியலே தனியொரு வரலாறாகும். கிழமைக்கு ஒருவருக்கு ஒரு பொதி என்றிருந்த பங்கு 1944இன் பிற்பகுதியிலே அரைப்பொதியாகக் குறைந்தது. போரின் போக்கை அறிவிக்கப் பத்திரிகை வேண்டியதில்லை; அக்கணக்கே போதியதாகும்.

ஜெபர்சனின் சித்திரங்களும் இம்மரபைச் சேர்ந்தனவே. அவர் பயின்ற ஓவியரல்லர், விஞ்ஞானம் கற்றவர். கண்டதைக் கண்டவாறு பதிதல் விஞ்ஞான மாணவனின் பழக்கம். முகாமிலே தாம் கழித்த நாள்களை அவர் படமாகவும் குறிப்பாகவும் பதிந்து வைத்தார். அச்சித்திரங்கள் அழியாது எஞ்சியதே ஓர் அரிய செயல். 1945 ஜனவரி மாத இறுதியில், சோவியத் படைகள் அண்மித்தமையாலே, சாகன் முகாமிலிருந்த கைதிகள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். கொட்டும் பனியிலே நாட்கணக்காக நடந்து, பின்னர் மாடுகளை ஏற்றும் பெட்டிகளுட் பலநூறு மைல் கொண்டுசெல்லப்பட்டு, தெற்கே மூஸ்பேர்க் நகரிலிருந்த முகாமை அவர்கள் அடைந்தனர். அந்நடையிலே சுமை தாங்காது கைதிகள் பலர் தம் பொருள்களை வழியெங்கும் எறிந்தனர். உணவா, உடையா, ஏடா எனத் தேர வேண்டிய அந்நிலையிலும் ஏட்டைக் கைவிடாதோர் இருந்தனர். தாம் கண்டதை உலகம் நம்பாது போகலாம் என்னும் அச்சமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது போலும்.

ஏறத்தாழ 10,000 பேருக்கென அமைக்கப்பட்ட மூஸ்பேர்க் முகாமிலே இறுதி நாள்களில் 70,000க்கும் மேற்பட்டோர் நெருக்குண்டு கிடந்தனர். 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆந் திகதி அமெரிக்கப் படை வந்து அவர்களை விடுவித்தது.

எழும் வினா

இனி, முன்னர்க் குறித்த வினாவை நோக்குவாம். ஜெபர்சன் தம் நாட்டுப் படையிலே தனிப் பாசறையில் உறங்கியவர். தனிக் கூடத்தில் உண்டவர். அவரே பகைவனின் சிறையில் வெள்ளை அதிகாரிகளோடு ஓரறையில் உறங்கினார். ஒரே உணவைப் பங்கிட்டு உண்டார். காவலரும் அவரை அதிகாரியென்னும் முறையிலேயே நடத்தினர். இதனை அவரே பலகாலும் எடுத்துரைத்துள்ளார். இனவெறியையே அரச நெறியாகக் கொண்ட நாட்சிகளின் சிறையிலே கிடைத்த சமத்துவம், குடியாட்சிக்காகப் போர் செய்வதாகக் கூறிய நாட்டின் படையிலே கிடையாமற் போனது எங்ஙனம்?

உள்நாட்டு நிலையை விளக்க வேறொரு சான்றும் உண்டு. 'யாங்க்' என்னும் அமெரிக்கப் படை வார இதழிலே 1944 ஏப்பிரல் 28ஆந் திகதி ரூபேட் றிமிங்காம் என்னும் கறுப்பினப் படைவீரரின் கடிதமொன்று வெளிவந்தது. அவரும் உடன் சென்ற எண்மரும் லூயிசியானா மாநிலத்துப் புகையிரத நிலையமொன்றிலே உணவு தேடியபோது, சமையலறைப் பக்கமாக வருமாறு பணிக்கப்பட்டனர். அவ்வேளையிலே ஜேர்மானியப் போர்க்கைதிகள் ஏறத்தாழ இருபத்து நால்வர் காவலரோடு வந்து, உணவுச்சாலையினுள் அமர்ந்து உண்டு, பேசி மகிழ்ந்தனர். பகைவனுக்குத் திறந்த கதவு, சொந்தப் படைவீரனுக்கு அடைக்கப்பட்டது.

இவ்விரு சான்றுகளையும் மட்டும் வைத்து நோக்குவோர், ஜேர்மானியர் நீதியுடையோராய் இருந்தனர் என முடிவு கொள்ளக்கூடும். அம்முடிவு பெரும் பிழையாகும். 1940 ஜூன் மாதத்திலே, பிரான்சின் லியோன் நகரை அடுத்த சாசலே என்னுமிடத்தில், பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்து சரணடைந்த ஆபிரிக்க வீரரை நிறம் பார்த்துப் பிரித்தெடுத்துச் சுட்டுக் கொன்றதும் அதே ஜேர்மானியப் படையே. ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட சோவியத் வீரர் ஏறத்தாழ 57 இலட்சம் பேருள் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர். மூஸ்பேர்க் முகாம் விடுவிக்கப்பட்ட அதே நாளிலேதான் டாக்கௌ வதைமுகாமும் விடுவிக்கப்பட்டது. சில நாள்களில் ஜெபர்சன் அங்குச் சென்று அங்குள்ள கொடுமைகளைத் தம் கண்ணாற் கண்டார். தம்மை அதிகாரியென மதித்த அரசே மக்களை அவ்வாறு அழித்தது என்பதை அவர் என்றும் மறைத்தாரல்லர்.

விடை

அங்ஙனமாயின் சாகன் முகாமிலே அவரைக் காத்தது யாது? காவலரின் நல்லுள்ளம் என்று மட்டும் கூறல் பொருந்தாது. 1929ஆம் ஆண்டு ஜூலை 27ஆந் திகதி ஜெனீவாவிலே கைச்சாத்திடப்பட்ட போர்க்கைதிகள் உடன்படிக்கையே முதற்காரணம். கைதியை அவனது பதவிக்கேற்ப நடத்தல் வேண்டும், பழிவாங்கல் ஆகாது, உணவும் கடிதமும் மறுத்தல் ஆகாது என அது விதித்தது. ஆனால் உடன்படிக்கை எழுத்தளவில் நின்றால் எவரையும் காவாது என்பதற்கு 50 விமானிகளின் கொலையே சான்று. அதற்கு வலுவூட்டியது இரண்டாவது காரணமாகிய பரஸ்பர அச்சமாகும். அமெரிக்காவின் கையிலே ஜேர்மானியக் கைதிகள் 370,000 பேர் வரையில் இருந்தனர். அமெரிக்கக் கைதிக்குச் செய்யும் தீங்கு தம்மவருக்குத் திரும்பும் என்பதை ஜேர்மனி அறிந்திருந்தது. சோவியத் நாடு அவ்வுடன்படிக்கையிற் சேராதிருந்தமையைச் சாட்டாகக் கொண்டு, அந்நாட்டு வீரர்பால் எவ்வரம்பும் இன்றி ஜேர்மானியர் நடந்தனர்.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அதே உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, வேறுபட்ட இனத்தாரையும் நாட்டினரையும் ஒரே முகாமிலே சேர்த்து வைத்தலை இயன்றவரை தவிர்க்க வேண்டுமென்று கூறுகின்றது. ஆகவே, ஜெபர்சனை வெள்ளையரோடு ஓரறையில் வைத்தமை உடன்படிக்கை கட்டளையிட்ட செயலன்று. அமெரிக்க விமானப்படை அதிகாரி என்னும் ஒரே பெயரின் கீழ் ஜேர்மானிய விமானப்படை அவர்களை வகுத்தது. வெற்றுக் கட்டில் எவ்வறையில் இருந்ததோ அவ்வறையிற் புதியவர் புகுந்தனர். அமெரிக்கன் என்னும் பெயரைத் தம் நாட்டவர் இவருக்கு முழுமையாக வழங்க மறுத்தனர். பகைவரின் பதிவேடு அப்பெயரை இவருக்கு வழங்கியது. சித்திரங்களின் பின்னே நின்ற உண்மை இதுவேயாகும். அங்கு நிலவிய சமத்துவம் அன்பின் விளைவன்று. ஒழுங்குவிதியும், அவ்விதியை மீறினால் விளையும் கேடு பற்றிய அச்சமும் ஒருங்கு சேர்ந்தமையின் விளைவு.

மீட்சி

1945ஆம் ஆண்டு கோடையிலே ஜெபர்சன் ஏறிவந்த கப்பல் நியூ யோர்க் துறைமுகத்தை அடைந்தது. சிறையிலும் பனியிலும் பசியிலும் ஒன்றாக வாடியோர் கப்பலின் ஏணி வழியே இறங்கினர். வெள்ளையர் வலப்புறம், கறுப்பினத்தவர் இடப்புறம் என அவ்வேணியின் அடியிலே பிரிக்கப்பட்டனர். இதனை ஜெபர்சன் இறக்கும்வரை மறந்தாரல்லர். பகைவர் நாட்டிலே சேர்ந்திருந்தோர் தாய்நாட்டின் முதற்படியிலே பிரிக்கப்பட்டமைக்கு, அவர்களைச் சேர்த்து வைக்கும் விதியொன்று அங்கே இல்லாதிருந்தமையே காரணம். 1948ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி ஜனாதிபதி றூமன் பிறப்பித்த 9981ஆம் இலக்கக் கட்டளை அக்குறையை நீக்க முற்பட்டது. படையிலே நிறம்பற்றிய பிரிவினை அதனால் விலக்கப்பட்டது. எனினும் கறுப்பினத்தவர்க்கென இருந்த இறுதிப் பிரிவு கலைக்கப்பட்டது 1954இலேயே.

ஜெபர்சன் பின்னர் டெற்றோயிற் நகரிலே விஞ்ஞான ஆசிரியராகிச் சிறுவர்க்குக் கற்பித்தார். உப அதிபராக உயர்ந்து 1979இல் இளைப்பாறினார். சிறையில் வரைந்த சித்திரங்களைத் தாங்கிய அவரது நூல், சிறை மீண்டு அறுபது ஆண்டுகள் கழித்து, 2005இலே வெளிவந்தது. தஸ்கீகி விமானிகளுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 2007இற் பொற்பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் 22ஆந் திகதி, தமது நூறாவது வயதில், அவர் காலமானார்.

நினைவுப் பொருளொன்றைக் கையில் எடுக்கும் மாணவன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனை ஆக்கியவர் எந்நிலையில் இருந்து ஆக்கினார்? இது காட்டாது விடுத்தது யாது? இதனோடு ஒப்பிடத்தக்க வேறு சான்று எங்கே உளது? ஜெபர்சனின் சித்திரங்களை மட்டும் கண்டவன் சாகன் முகாமை அறிவான். சாசலேயையும் டாக்கௌவையும் அறியான். அவ்விரண்டையும் மட்டும் அறிந்தவனோ, நியூ யோர்க் துறைமுகத்து ஏணியை அறியான். மூன்றையும் ஒருங்கு வைத்துக் காண்பவனுக்கே உண்மை புலனாகும். மனிதரின் மனம் மாறும்வரை காத்திருந்து நீதி பெறுதல் அரிது. மனம் மாறுதற்கு முன்னரும் மெலியோரைக் காக்கவல்லது, எல்லாரையும் ஒருபடித்தாகக் கட்டுப்படுத்தும் நேரிய விதியேயாகும். அவ்விதி எங்கெங்கே இல்லையோ அங்கெல்லாம், போரிலே வென்று வீடு திரும்புவோனும் சிறைப்பட்டவனே.